வண்டில்கார ஆதம்பாவாவின் வழி

நிந்தவூர்
15.08.2025, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் றிபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் வாப்பாவும் தங்கச்சி சிபானாவும் அல்லாஹ்வின் உதவியால் இங்கே எழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம், மெல்பேர்னில் நீயும் மருமகன் ஹாதிக்கும் பேத்தி ஸம்றாவும் அதுபோல இருக்கவேண்டும் என்பதுதான் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் என் துஆ. சிறுபோக வெட்டுத் தொடங்கிவிட்டது, வெட்டு மெஷின் இரவு பகலாக வயலில் நிற்கிறது, கச்சான் காற்றுக்கு வைக்கோல் தூசு ஜன்னல் துணியிலெல்லாம் வந்து ஒட்டுகிறது. வாப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள், அந்தச் சந்தோஷத்தில் வரும் வழியிலேயே கடைக்குள் புகுந்து சீனி போட்ட பால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். பின்வளவில் மாதுளை காய்த்திருக்கிறது, அணில் விட்டால் நமக்கு.

தினமும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறோம், பிறகு உம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் நான் சொல்லத் தொடங்கினால் நீ அழுவாய், நீ அழுதால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவேன், இப்படியே இரண்டு மாதம் போய்விட்டது. மற்றது, உன் டொக்டர் கேட்ட பழைய பதிவுகளின் அத்தாட்சிப் பிரதிகளும், அவற்றைப் பார்த்து நானும் சிபானாவும் வரைந்த குடும்பப் படமும் இந்த உறைக்குள் இருக்கின்றன. முதலில் இதை முழுவதும் வாசி, வாசித்து முடித்த பிறகு போன் எடு. நடுவில் எடுக்காதே, நான் எடுக்கமாட்டேன்.

ஸம்றாவுக்கு இருப்பது தலசீமியா, அவளின் உடம்பு தனக்குத் தேவையான ரத்தத்தைத் தானே ஆக்காது, மாதாமாதம் ஏற்றவேண்டும் என்று உங்கள் ஆஸ்பத்திரியில் சொன்ன கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் ஹாதிக்கும் இரண்டு பேருமே அந்த நோயின் காவிகள், உங்களுக்கு நோயில்லை, ஆனால் ரத்தத்துக்குள் அதைச் சுமக்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதும் சம்மாந்துறையிலிருந்து ஹாதிக்கின் உம்மா, உன் மாமி ஸகியா போன் எடுத்து, “எங்கட பரம்பரையில இப்பிடி ஒண்டு இல்ல, பொண்ணெடுத்த இடத்தாலதான் வந்திரிக்கு” என்று உன்னிடமே சொன்னா. நீ விம்மி விம்மி அதை எனக்குச் சொன்னபோது நான் பதில் பேசவில்லை. எனக்குக் கோபம் இல்லாமலில்லை. ஆனால் எங்கள் வழியில் இப்படியொன்று இருந்ததா இல்லையா என்று எனக்கே தெரியாது, தெரியாமல் எப்படி வாய் திறப்பது. அதுமட்டுமல்ல, அதே ஸகியா மாமிதான் உன்னைப் பிடித்துப்போய் தன் இளைய மகன் இஹ்ஸானுக்கு நம் சிபானாவைக் கேட்டு, நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மோதிரமும் போட்டுவிட்டுப் போயிருந்தா. சிபானாவுக்கு வீடாகக் கொடுக்க மேல்மாடிக்கு மேசன் வேலை நடந்துகொண்டிருந்தது. நான் ஒரு சொல் கூடச் சொன்னால் இரண்டு மக்களின் வாழ்க்கையும் ஆடும்.

அந்த நேரத்தில்தான் உன் டொக்டர், இரண்டு குடும்பமும் எங்கே தொடங்குகின்றன, எங்காவது ஒன்றோடு ஒன்று சேருகின்றனவா என்று கேட்டதாகச் சொன்னாய். நான் உன்னிடம் மூன்று தலைமுறை சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். என் உம்மாவைப் பெற்றவ கதீஜா உம்மா, கதீஜா உம்மாவின் வாப்பா ஆதம்பாவா, அவர் மக்காவுக்குப் போன இடத்தில் மௌத்தாகிவிட்டார், எங்கள் வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். நம்முடைய பகுதியில் எந்தக் குடி, எந்த வமிசம் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும், ஏனென்றால் குடி தாய் வழியாக வருகிறது, தாய், தாயின் தாய் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கலாம். ஆண்களின் வழி அப்படியில்லை, மூன்றாவது ஆளைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது.

பழைய பதிவுகளைத் தேடிப் பார்ப்போம் என்று நான் சொன்னபோது வாப்பா விரும்பவில்லை. “மௌத்தானவங்களக் கிண்டி என்னத்தக் காணப்போறா, உள்ள சம்பந்தத்தையும் கெடுத்துப் போடாத” என்றார். புள்ளைக்கு மருந்து எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள், நானாகக் கேட்கவில்லை என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கல்முனைக்குப் போய் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். என் பிறப்புப் பதிவிலிருந்து உம்மாவின் பெயரையும் ஊரையும் எடுத்து உம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடினார்கள், அதிலிருந்து கதீஜா உம்மாவின் நிக்காஹ் பதிவுக்குப் போனார்கள், ஒன்று கிடைத்தால்தான் அடுத்ததைத் தேடலாம். பெயர்களை எழுதிய விதம் இருக்கிறதே, அதுதான் பெரிய தொல்லை. ஒரு இடத்தில் கதீஜா, இன்னொரு இடத்தில் கதீசா, வேறொரு இடத்தில் கதிசாவும்மா. எத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தினேன், அந்தக் காலத்துப் பதிவுகாரர் ஒருவரும் என் கையில் அகப்படவில்லை.

நிக்காஹ் பதிவு 1931ஆம் ஆண்டு. பொம்பிளையின் தகப்பன் என்ற இடத்தில் ஆதம்பாவா என்று இருந்தது. பொம்பிளையைப் பொறுப்பாக நின்று கொடுக்கிற வலிகாரர் என்ற இடத்தில் தகப்பன் பெயர் இல்லை, ‘தகப்பன் இவ்வூரில் இல்லாதபடியால்’ என்று எழுதி வேறொருவரைப் போட்டிருந்தார்கள். வாப்பாதான் அதைக் கவனித்தார். “மௌத்தெண்டா மௌத்தெண்டுதானே எழுதுவாங்க, ஊர்ல இல்லெண்டு ஏன் எழுதினாங்க” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தடுக்கவில்லை, அடுத்தது எங்கே போகவேண்டும் என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

கதீஜா உம்மாவின் பிறப்புப் பதிவுக்கு மட்டக்களப்புக்குப் போகச் சொன்னார்கள், அப்போது அம்பாறை என்று தனி மாவட்டம் இல்லை, நாம் எல்லோரும் மட்டக்களப்புக் கச்சேரி நிர்வாகத்துக்குள்தான் இருந்தோமாம். நாங்கள் போவதற்கு முதல் நாள் பின்னேரம் இஹ்ஸான் வீட்டுக்கு வந்தார். தன் உம்மாவின் பிறப்புச் சான்றிதழையும் அவவின் வாப்பாவுடையதையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். “மாமி, ஒரு பக்கத்த மட்டும் பார்த்துச் சரிவராது, எங்கட பக்கத்தையும் தேடுங்க, நான் இதக் கொண்டுவந்தது உம்மாக்குத் தெரியா” என்றார். நாளைக்கு நானும் வாறன், அரிசி ஆலையில் வேலை ஒன்றுமில்லை என்றும் சொன்னார். நாள் முழுக்க ஓடுகிற ஆலையில் வேலையில்லையாம், பொய்யென்று தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தன் வானை ஓட்ட, மூன்று பேரும் மட்டக்களப்புக்குப் போனோம்.

அங்கே நிதர்சன் என்றொரு தம்பி பதிவுப் புத்தகங்களைப் பார்த்துத் தருகிற இடத்தில் இருந்தார். பிறந்த வருடம் சரியாகத் தெரியாவிட்டால் கிட்டிய வருடங்களின் சுட்டிகளையும் பார்க்கவேண்டும், பொறுமையாக இரிங்கம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் தாண்டித்தான் கதீஜா உம்மாவின் பதிவு கிடைத்தது. தகப்பன் பெயர் சேகுலெப்பை ஆதம்பாவா, தொழில் வண்டில், ஊர் மருதமுனை. நாங்கள் நிந்தவூரை விட்டு வேறு ஊரில் வேர் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. பிறகு ஸகியா மாமியின் மூத்தாப்பாவை, அவவின் வாப்பாவைப் பெற்றவரை, தேடக் கொடுத்தோம். அவர் பெயர் ஆதம்பாவா மீராலெப்பை, தகப்பன் பெயர் முன்னால் வருகிறது பார், ஆனால் அந்தக் காலத்தில் ஊருக்குப் பத்து ஆதம்பாவா இருந்தார்கள், அதனால் நாங்கள் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. நிதர்சன் தம்பி அந்தப் புத்தகத்தைத் திறந்து வரியில் விரலை வைத்தார். முதல் எடுத்த பிரதியைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “அம்மா, நீங்க ரெண்டு குடும்பமெண்டுதானே சொன்னீங்க, இதிலயும் அதே சேகுலெப்பை ஆதம்பாவா, வண்டில் தொழில், மருதமுனை எண்டுதான் கிடக்கு” என்றார்.

இஹ்ஸான் அந்த எழுத்தைத் தானும் ஒருதரம் வாசித்தார். என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், பிறகு வெளியே போய் வானுக்குள் ஏறி இருந்துவிட்டார். மருதமுனையிலிருந்து வண்டில் கட்டி நெல் ஏற்றின ஒரு மனிதர் நிந்தவூரில் ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்து கதீஜா உம்மாவைப் பெற்றிருக்கிறார், சில வருடம் போனதும் சம்மாந்துறையில் இன்னொரு பெண்ணை முடித்து மீராலெப்பையைப் பெற்றிருக்கிறார். தாய்மார் வேறு, அதனால் குடி வேறு, குடி வேறென்றால் கலியாணத்துக்குத் தடையில்லை, அதற்கு மேல் யார் கேட்கப்போகிறார்கள். அவரின் இறப்புப் பதிவையும் வாப்பா கேட்டு எடுத்தார். மக்காவில் இல்லை மகள். சம்மாந்துறையில், 1936ஆம் ஆண்டு. அப்படியென்றால் தன் மூத்த மகளின் நிக்காஹ் நடந்தபோது அவர் உயிரோடு இருந்திருக்கிறார், நெல் வண்டில் ஒரு காலையில் வந்துபோகிற தூரத்தில். ஏன் வரவில்லை, இவர்கள் கூப்பிடவில்லையா, கூப்பிட்டும் வரவில்லையா, எந்தப் பதிவிலும் அது இல்லை, நானும் என் பாட்டுக்குக் கதை கட்டமாட்டேன். ஆனால் கதீஜா உம்மா அவரை மக்காவில் மௌத்தானவர் என்று சொல்லிச் சொல்லியே வயது போனா. அது எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. மார்க்கப்படி அவருக்கு ஒரு யாசீன் ஓதினேன், கோபத்தோடுதான் ஓதினேன்.

பிரதிகளை எடுத்துக்கொண்டு இங்கே ரத்த நோய் பார்க்கிற டொக்டரிடம் போனோம், இளம் பெண்தான், நன்றாக விளங்கப்படுத்தினா. இந்த நோய் ஆதம்பாவாவிடமிருந்துதான் வந்தது என்று பதிவை வைத்துச் சொல்ல முடியாது, வேறு யாரும் கொண்டுவந்திருக்கலாம், காவிகளாக இருந்தவர்கள் ஒன்றும் தெரியாமலே நூறு வருடம் வாழ்ந்து போயிருப்பார்கள், காவி இரண்டு பேர் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோயாக வரும், அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் வராது என்றா. ஆனால் இரண்டு குடும்பமும் ஒரே வழி என்பதால் இரண்டு பக்கத்து ஆட்களும் ரத்தம் பார்த்தால் நல்லது, அதிலும் கலியாணம் பேசியிருப்பவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும் என்றா. வாப்பா அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் தரையைப் பார்த்தார்.

ஸகியா மாமியிடம் நான்தான் போனேன். இஹ்ஸான் தான் சொல்லுவதாகச் சொன்னார், நான் விடவில்லை, பொம்பிளைகள் சொன்ன கதையைப் பொம்பிளைகள்தான் பேசி முடிக்கவேண்டும். சம்மாந்துறைக்கு பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன், உன் மாமி என்னைக் கண்டதும் வாங்க என்று கூப்பிட்டா, முகம் மட்டும் திறக்கவில்லை. பால் போடாத பிளேன்டி ஊற்றி வைத்தா, பிஸ்கட் வைத்தா, எதிரில் இருந்தா. நான் சண்டைக்கு வந்திருப்பதாகத்தான் நினைத்திருக்கவேண்டும். நான் பிரதிகளை மேசையில் பக்கத்துக்குப் பக்கம் வைத்து, இது என் மூத்தம்மா, இது உங்கள் மூத்தாப்பா, இரண்டு பேருக்கும் வாப்பா யாரென்று பாருங்கள் என்றேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தா. திரும்ப வாசித்தா. மருதமுனை என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. “எங்கட பழைய வளவுக்கு மருதமுனையார் வளவெண்டுதான் பேர் லைலா. ஆர் அந்த மருதமுனையார் எண்டு நான் வாப்பாக்கிட்டக் கேட்டுமிரிக்கன், அவருக்கும் தெரியா” என்று மெதுவாகச் சொன்னா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “அப்ப நீங்க எனக்கு என்ன முறை வேணும்” என்று கேட்டா.

இரண்டு பேரும் விரல் மடக்கிப் பார்த்தோம் மகள். ராத்தா தம்பியின் மக்கள் மச்சான் மச்சி, அவர்கள் பெற்றது நாங்கள், அப்படிப் பார்த்தால் ராத்தா தங்கச்சி முறை வருகிறது. அவவுக்கு என்னைவிட இரண்டு வயது கூட, அதனால் அவ ராத்தா. பிள்ளைகளுக்குக் கலியாணம் முடித்து வைத்துவிட்டு இப்போது உட்கார்ந்து முறை பார்க்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அவவுக்கும் வந்தது. மார்க்கத்தில் இதற்குத் தடையில்லை என்று அவவே சொல்லிக்கொண்டா. சிரித்து முடிந்த கையோடு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதா. “றிபாக்கு நான் சொன்ன சொல்ல இனி எப்பிடித் திருப்பி எடுக்க” என்றா. எடுக்க ஏலாது ராத்தா, ஆனால் இன்னொரு சொல் சொல்லலாம் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை அவ உனக்குப் போன் எடுத்து நெடுநேரம் கதைத்தது இதனால்தான், காரணத்தை மட்டும் சொல்லவேண்டாம், நான் எழுதுகிறேன் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

ரத்தம் பார்க்கும் விஷயத்தைச் சொன்னபோது அவ தயங்குவா என்றுதான் நினைத்தேன். ஊர் என்ன சொல்லும் என்று முதல் கேட்கிற ஆள் அவதான். அடுத்த கிழமை இஹ்ஸானோடு தானும் ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்று, “என்ட ரத்தத்தையும் எடுங்க, மகன்டத்த மட்டும் எடுத்தா நான் தப்பிச்சிக்கிட்டமாதிரி இரிக்கும்” என்று சொல்லிக் கையை நீட்டினா. நானும் கொடுத்தேன், வாப்பாவும் கொடுத்தார், சிபானா தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கொடுத்தாள். மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவு சொன்னார்கள். வாப்பாவுக்கு ஒன்றுமில்லை. நான் காவி. ஸகியா ராத்தா காவி. இஹ்ஸான் காவி. சிபானாவும் காவி.

இதைத்தான் மகள் நான் போனில் சொல்ல ஏலாமல் வைத்திருந்தேன்.

டொக்டர் எதையும் மறைக்கவில்லை, எதற்கும் கட்டாயப்படுத்தவுமில்லை. கலியாணம் முடிக்கக் கூடாதென்று சட்டம் இல்லை, ஆனால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர இடமிருக்கிறது, தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றா. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சிபானா வழமைபோலப் பள்ளிக்கூடம் போனாள், கொப்பி திருத்தினாள், வாப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுத பிறகு ஸகியா ராத்தாவும் இஹ்ஸானும் வந்தார்கள். இஹ்ஸான் வந்ததும் வராததுமாக, தான் யோசித்துவிட்டதாகவும், பிள்ளை இல்லாவிட்டாலும் தனக்குப் பரவாயில்லை, ஒரு அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்க்கலாம், கலியாணம் நடக்கட்டும் என்றும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் வாப்பாவும் சிபானாவைப் பார்த்தோம்.

அவள் கதவுநிலையில் நின்றவள் உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். “நீங்க இப்ப உண்மையாத்தான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா எனக்குப் புள்ள வேணும். ஒங்களுக்கும் வேணும், வானுக்குள்ள ஸம்றாட படத்த வெச்சிரிக்கிற ஆள் நீங்க. இன்னும் பத்து வருஷத்தால நீங்க ஒண்டும் சொல்லாம இருப்பீங்க, அந்த ஒண்டும் சொல்லாத முகத்த நான் பார்க்கோணும்” என்றாள். இஹ்ஸான், வயிற்றிலிருக்கும்போதே சோதித்துப் பார்த்துப் பெறலாமே என்று மெல்லச் சொன்னார். “அந்தப் புள்ளட பிஞ்சுக் கையில ஊசி ஏறுற நேரம் றிபா ராத்தா அங்கால திரும்பி நிண்டத நான் போன்ல பார்த்தன். அதப் பார்த்திட்டு எனக்கு ஓமெண்டு சொல்ல ஏலா” என்றாள். அவ்வளவுதான். இஹ்ஸான் எழும்பி வாப்பாவின் கையைப் பிடித்து ஸலாம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

சிபானா விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி ராத்தாவின் பக்கம் நீட்டினாள். அவ வாங்கவில்லை. “இது மருமகளுக்குப் போட்டது. இப்ப தங்கச்சிட மகளுக்கெண்டு வெச்சுக்க” என்று திரும்ப அவளின் கைக்குள் வைத்து மூடினா. மோதிரம் இப்போது அலுமாரியில் இருக்கிறது, அவள் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அன்றைக்குப் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவைத் தட்டவில்லை, வெளியே இருந்து தஸ்பீஹ் ஓதினேன்.

ஊர் கதைக்கத்தான் செய்தது. சம்பந்தம் ஏன் முறிந்தது, சீதனத்தில் பிரச்சினையா, மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் பார்த்திட்டார்களா என்று கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஓடிய கதைகள் கொஞ்சமில்லை. சிபானா ஆசிரியர் அறையில் எல்லோரும் இருக்கிற நேரம் தானே எழும்பி, “நான் தலசீமியாக் காவி, அவரும் காவி, அதனால நிப்பாட்டினம், வேற காரணம் இல்ல” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இனி இவளுக்கு யார் வருவார்கள் என்று. ஆனால் அந்தக் கிழமையே அவளோடு படிப்பிக்கிற ஒரு பிள்ளை, தனக்கும் பேசி முடிவாகியிருக்கிறது, எங்கே போய் ரத்தம் பார்க்கிறது என்று கேட்டு வீட்டுக்கு வந்தாள். சம்மாந்துறையில் ஸகியா ராத்தாவும் சும்மா இருக்கவில்லை. மருதமுனையார் வளவில் பிறந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், பிள்ளைகளின் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சம்பந்தம் பேசுங்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறா. சில வீட்டில் ஏசியிருக்கிறார்கள். தான் இதைவிடப் பெரிய ஏச்சு ஏசின ஆள், தனக்கு வலிக்காது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தா.

மேல்மாடி வேலையை வாப்பா நிறுத்தவில்லை. சிபானாவின் வீடு சிபானாவுக்குத்தான், எப்போது யார் வந்தாலும் வராவிட்டாலும் என்று சொல்லி மேசனை வரச்சொல்லிவிட்டார். காவியில்லாத ஒரு மாப்பிள்ளை வந்தால் பார்ப்போம், டொக்டரும் அதில் பயமில்லை என்கிறா. அவளுக்கு இப்போது அந்தக் கதை எடுக்க விருப்பமில்லை, நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்காதே.

உனக்குச் சில விஷயம் சொல்லவேண்டும். ஸம்றாவுக்கு ரத்தம் குறைவு என்று கேட்டவுடன் நான் முருங்கையிலைப் பொடி அனுப்பினேனே, அதைக் கொடுக்காதே, குப்பையில் போடு. ரத்தம் ஏற்றுகிற பிள்ளைகளின் உடம்பில் இரும்புச் சத்து தேங்கி நிற்குமாம், நாம் வேறு கொடுத்துக் கூட்டக்கூடாதென்று இங்கே டொக்டர் என்னை ஏசாத குறை. ஒழுங்காக ரத்தம் ஏற்றி, இரும்பு இறக்குகிற மருந்தையும் கொடுத்தால் பள்ளிக்கூடம், படிப்பு, கலியாணம் என்று எல்லாப் பிள்ளைகளையும் போல வளரலாம் என்றும் சொன்னா. நீ ஆஸ்பத்திரியில் தனியே நிற்காதே, ஹாதிக்கையும் லீவு எடுத்து வரச்சொல். மருமகன் தன் தம்பியின் விஷயத்தில் மனம் உடைவார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து உன்னாலா என்னாலா என்று எண்ணத் தொடங்கினால் வீட்டுக்குள் இருக்க ஏலாது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஆதம்பாவாதான், கோபம் வந்தால் அவரை ஏசுங்கள். ஹாதிக்குக்கு இதை நீயே வாசித்துக் காட்டு, தன் உம்மா நல்லா இருக்கிறா என்றும் சொல்லு.

இனித் தங்கச்சி சொன்னதை எழுதுகிறேன். நான் இந்தக் கடிதம் எழுதப்போகிறேன், உன் ராத்தா றிபாவுக்கு என்ன சொல்ல என்று கேட்டபோது அவள், “நான் அழுததெண்டும் எழுதுங்க, ஒண்டுமில்லெண்டு எழுதினா ராத்தா நம்பமாட்டா. ஆனா ஸம்றாவால என்ட கலியாணம் நிண்டதெண்டு ராத்தா ஒருநாள் எண்டாலும் நினைச்சா நான் கதைக்கமாட்டன். அந்தப் புள்ள வராட்டி நாங்க ஒண்டும் தெரியாமலே முடிச்சிரிப்பம்” என்றாள். உறைக்குள் இருக்கிற குடும்பப் படத்தைப் பார். டொக்டர் சொன்னபடி ஆண்களுக்குக் கட்டமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு, காவிகளுக்குப் பாதியைக் கறுப்பாக்கினோம். என்னுடையதை நான் தீட்டினேன். அவளுடையதைத் தீட்ட எனக்குக் கை வரவில்லை, அவளே பேனையை வாங்கித் தீட்டினாள். கோட்டைத் தாண்டாமல் நன்றாகவே தீட்டியிருக்கிறாள். முடித்துவிட்டு, “மத்தப் பாதி வெள்ளைதான் உம்மா, அதையும் பாக்கச் சொல்லுங்க ராத்தாவ” என்றாள்.

அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் ஆஃபியத்தான சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், ஸம்றாவின் உடம்பில் ஏறுகிற ஒவ்வொரு துளியையும் பறக்கத்தாக்கட்டும், அந்த ரத்தத்தைக் கொடுக்கிற, நமக்கு முகம் தெரியாத மனிதர்களுக்கும் நல்லது செய்யட்டும். பிரதிகள் கிடைத்ததும் டொக்டரிடம் கொடுக்க முதல் படம் எடுத்து வைத்துக்கொள். தங்கச்சிக்கு இன்றைக்கே போன் எடு, அவள் இரண்டு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பாள்.

உன் உம்மா
சித்தி லைலா மசூர்